வீட்ல தமிழ் பேசுனா புள்ளைக்கு இங்கிலீஷ் வராதா? தங்கச்சி மக வந்துட்டுப் போனதுலேர்ந்து மனசு ஆறல

தேவிபட்டினம்_மாமா
ஞாயிறு, ராத்திரி 9:40

மக்களே, கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க. என் தங்கச்சி அமெரிக்காவுல மேரிலாண்ட் மாநிலத்துல பால்டிமோர் பக்கம் இருக்கு, போயி 11 வருசமாச்சு. ஒரே மக, 8 வயசு. ஸ்கூல் லீவுக்கு வந்து அஞ்சு வாரம் நம்ம வீட்லயே இருந்துச்சு, போன வாரந்தான் ஏர்போர்ட்ல விட்டுட்டு வந்தேன். தங்கமான புள்ள, யாரு கூப்புட்டாலும் சிரிச்சுக்கிட்டே வரும், ஆனா தமிழ் வாயில வரல. நாம பேசுறது முக்காவாசி புரியுது, பதில் மட்டும் இங்கிலீஷ்லதான்.

ஒரு நாள் காலையில அம்மா வாசப்படியில ஒக்காந்து நண்டு கழுவிக்கிட்டு இருந்துச்சு, நீலக்கால் நண்டு, அன்னைக்கு வலையில வந்தது. புள்ள பக்கத்துல குத்தவச்சுப் பாத்துக்கிட்டே இருக்கு. அம்மா ஒரு நண்ட மல்லாத்திப் போட்டு அடிவயித்து மூடிய வெரலால தொட்டுக் காட்டுச்சு, குறுகலா கூரா இருந்தா ஆம்பள நண்டு, அகலமா வளைஞ்சு இருந்தா பொட்ட நண்டு, அதுல சினை ஒட்டிக்கிட்டு இருந்தா திரும்பக் கடல்ல விட்டுரணும்னு. புள்ளைக்குக் கண்ணு விரிஞ்சு போச்சு, இங்கிலீஷ்ல மடமடன்னு என்னமோ கேட்டுச்சு. அம்மா என்னையப் பாத்துச்சு, எனக்கும் அந்த வேகத்துக்குப் புரியல, தங்கச்சி உள்ள போன்ல இருந்துச்சு. அது வந்து என்ன ஏதுன்னு கேக்குறதுக்குள்ள புள்ள எந்திரிச்சுப் போயிருச்சு. அம்மா அந்த நண்ட கையில வச்சுக்கிட்டே கொஞ்ச நேரம் இருந்துச்சு. எனக்கு அது கண்ணுலயே நிக்குது.

ராத்திரி தங்கச்சிட்ட கேட்டேன், ஏன்மா இப்புடி விட்டுட்டன்னு. அப்பதான் சொல்லுச்சு. புள்ளைக்கு மூணு வயசு ஆகுறப்ப பேச்சு லேட்டுன்னு அங்க சின்னப் புள்ளைகள விடுற எடத்துல ஒரு டீச்சர் சொல்லிருக்காக, வீட்ல ரெண்டு பாஷை பேசி குழப்பாதீக, இங்கிலீஷ் மட்டும் பேசுங்கன்னு. பயந்துபோயி அன்னைக்கே நிறுத்திட்டாக. இன்னொன்னும் சொல்லுச்சு. ஒரு கடையில வரிசையில நின்னு அம்மாட்ட போன்ல பேசிக்கிட்டு இருந்தப்ப பின்னாடி நின்ன ஒரு அம்மா, இந்த நாட்ல இருந்தா இங்கிலீஷ்ல பேசுன்னு மொகத்துக்கு நேரா சொல்லிருக்கு. அதுலேர்ந்து வெளிய போனா அம்மா போனே எடுக்குறதில்லயாம். நாங்க இங்க, புள்ள வேலையா இருக்கும்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கோம்.

எனக்கு ரெண்டே கேள்விதான். நெசமாவே ரெண்டு மொழி பேசுனா புள்ளைக்குப் பேச்சு லேட்டாகுமா? 8 வயசுக்கு மேல தமிழ் வருமா, வராதா? தெரிஞ்சவுக சொல்லுங்க.


தொண்டி_கப்பல்காரன்
ஞாயிறு, ராத்திரி 10:15

அண்ணே கோவிச்சுக்காதீக, உங்க தங்கச்சி செஞ்சது சரின்னுதான் நான் சொல்லுவேன். நான் 12 வரைக்கும் தமிழ் மீடியம், அப்புறம் ஐடிஐ டீசல் மெக்கானிக். பம்பாய்ல கப்பல் கம்பெனி இன்டர்வியூ போனேன். பம்பு தண்ணி இழுக்கலன்னா மொதல்ல என்ன பாப்பன்னு கேட்டாக. எனக்கா தெரியாது? ஸ்ட்ரெய்னர் அடைச்சிருக்கான்னு பாக்கணும், இழுக்குற பைப்புல எங்கயாச்சும் காத்து புகுதான்னு பாக்கணும், எங்க அப்பா போட்லயே பத்து வயசுலேர்ந்து பாத்த வேலை. வாய தொறந்தா வார்த்தை வரல. பக்கத்துல இருந்தவன் ஒரு பம்ப கூட கழட்டிப் பாத்திருக்க மாட்டான், படபடன்னு பேசுனான், எடுத்துக்கிட்டாக. மூணு வருசம் வீணாப்போச்சு எனக்கு.

மொழின்னா ஒங்களுக்குப் பாசம், எனக்கு அது சோறு. புள்ள அந்த ஊர்ல பொழைக்கணும், அந்த ஊரு மொழி மொதல்ல நல்லா வரட்டும். பாட்டிட்ட பேசுறது அப்புறம் பாத்துக்கலாம்.


உச்சிப்புளி_பொண்ணு
ஞாயிறு, ராத்திரி 11:30

இது என் தொழில், அதனால கொஞ்சம் தெளிவா சொல்றேன். சென்னையில பேச்சுப் பயிற்சி குடுக்குற வேலையில இருக்கேன், 9 வருசமா. வாரத்துக்கு ஒரு குடும்பமாச்சும் இதே கேள்வியோட வரும்.

ரெண்டு மொழி கேக்குறதால பேச்சு லேட்டாகாது. சில சமயம் லேட்டான மாதிரி தெரியும், ஏன்னா ஒரு மொழியில மட்டும் வார்த்தைய எண்ணுவாக. புள்ளைக்கு இங்கிலீஷ்ல 30 வார்த்தை, தமிழ்ல 30 வார்த்தை தெரியுதுன்னு வைங்க, டீச்சருக்கு 30தான் தெரியும். ரெண்டையும் சேத்து எண்ணணும். நெசமான தாமதம்னா ரெண்டு மொழியிலயும் இருக்கும், அதுக்கு மொதல்ல காது டெஸ்ட் பண்ணணும், அப்புறம் பயிற்சி. ஒரு மொழிய நிறுத்துறது வைத்தியமே இல்ல. காச்சல்னு வந்தவனோட செருப்ப புடுங்கி வச்சுக்கிட்ட மாதிரி, காச்சலும் போகல, நடக்கவும் முடியல.

"ஒரே வாக்கியத்துல ரெண்டும் கலந்து பேசுது, குழம்பிருச்சு"ன்னு சொல்லுவாக. அது குழப்பம் இல்ல. யார்ட்ட பேசுறோம்னு பாத்து மாத்திக்கிற திறமை ரெண்டு மூணு வயசுலயே வர ஆரம்பிச்சுரும்.

இந்த பயம் எங்கேர்ந்து வந்துச்சுன்னா, 1923ல சேர்னு ஒருத்தர் வேல்ஸ் நாட்டுப் பள்ளிக்கூடப் புள்ளைகள சோதிச்சுட்டு ரெண்டு மொழிப் புள்ளைக மூளைக்கு குழப்பம்னு எழுதுனாரு. அந்தக் காலத்துல இதே மாதிரி நெறைய வந்துச்சு. ஏழை வீட்டு ரெண்டு மொழிப் புள்ளைகள வசதியான வீட்டு ஒத்த மொழிப் புள்ளைகளோட வச்சுப் பாத்தா எப்புடி இருக்கும்? 1962ல கனடாவுல மான்ட்ரியல்ல பீல், லாம்பர்ட்னு ரெண்டு பேரு ஒரே மாதிரி வசதியுள்ள பத்து வயசுப் புள்ளைகள எடுத்து ஒழுங்கா சோதிச்சாக, பிரெஞ்சு, இங்கிலீஷ் ரெண்டும் நல்லா தெரிஞ்ச புள்ளைகதான் கூடுதலா வந்துச்சுக. அறிவியல்ல அப்பவே திரும்பிருச்சு, ஆனா அந்தப் பழைய பயம் டீச்சர் வாயிலேர்ந்து அம்மா காதுக்கு இன்னும் போய்க்கிட்டே இருக்கு.

8 வயசு ஒண்ணும் லேட் இல்ல அண்ணே. முக்காவாசி புரியுதுன்னு சொன்னீகளே, அது பெரிய சொத்து. உள்ள இருக்கு, வெளிய வரல, அவ்வளவுதான்.


கீழக்கரை_ராத்தா
திங்கள், காலை 7:05

அஸ்ஸலாமு அலைக்கும். நம்ம கரையில நின்னுக்கிட்டு ரெண்டு மொழி குழப்பும்னு யாரு சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். எங்க உம்மம்மா தமிழ்ப் பள்ளிக்கூடம் போனதில்ல, ஆனா அரபு எழுத்துல தமிழ எழுதும், படிக்கும். அரபுத் தமிழ்னு சொல்லுவோம். எங்க ஊரு மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அதுல எழுதுன கிதாபுகள பொம்பளைக வீட்ல வச்சு ஓதுன காலம் அது. கொழும்புல இருந்த வாப்பாவுக்கு கடுதாசி போறதும் அந்த எழுத்துலதான். ஓதுறதுக்கு அரபு, பேச தமிழ், கொழும்புக்குப் போன ஆம்பளைக வாயில சிங்களம். ஒருத்தருக்கும் மூளை குழம்பல.

ஆனா நான் சொல்ல வந்தது வேற. அமெரிக்காவுல ஒரு டீச்சர் சொன்னாகன்னு வருத்தப்படுறோம், இங்க என் மக படிச்ச இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல்ல தமிழ்ல பேசுனா பத்து ரூவா ஃபைன். யாரு பேசுனான்னு இன்னொரு புள்ள பேர எழுதிக் குடுக்கணும். என் மக ஒரு நாள் அழுதுக்கிட்டே வந்துச்சு, கீழ விழுந்து முட்டி கிழிஞ்சப்ப "உம்மா"ன்னு கத்திருச்சாம், அதுக்குப் பேர எழுதிட்டாகளாம். ராமநாதபுரம் மாவட்டத்துல, கடலுக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டுக்குள்ள. அங்க நடக்குறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?


கார்டிஃப்_நர்ஸ்
திங்கள், மதியம் 2:20

ராத்தா, உங்க பதிவ படிச்சதும் கை நடுங்கிருச்சு. எனக்கு சொந்த ஊரு தங்கச்சிமடம், இப்ப ஆறு வருசமா வேல்ஸ்ல நர்ஸ். உங்க மக ஸ்கூல்ல நடந்தது இந்த ஊர்ல 19ஆம் நூற்றாண்டுல அப்புடியே நடந்திருக்கு. வெல்ஷ் பேசுன புள்ள கழுத்துல ஒரு மரத்துண்ட மாட்டி விடுவாகளாம், வெல்ஷ் நாட்னு பேரு. அந்தப் புள்ள வேற யாராச்சும் வெல்ஷ் பேசுறத கேட்டு காட்டிக் குடுத்தா துண்டு அந்தக் கழுத்துக்கு மாறும். சாயந்தரம் பள்ளி விடுறப்ப யார் கழுத்துல இருக்கோ அவுகளுக்கு அடி. இதுல பெத்தவுக நெறைய பேரு ஒத்துக்கிட்டுத்தான் இருந்தாக, இங்கிலீஷ் வந்தாத்தான் பொழப்புன்னு. தொண்டி அண்ணன் சொன்ன அதே காரணந்தான்.

1911 கணக்கெடுப்புல 43.5 சதவீதம் பேரு வெல்ஷ் பேசுனாக. 2021ல 17.8. இப்ப அரசாங்கமே 2050க்குள்ள பத்து லட்சம் பேர பேச வைக்கணும்னு திட்டம் போட்டு பாடுபடுது. ரோட்டு போர்டு, ஆஸ்பத்திரி போர்டு எல்லாம் ரெண்டு மொழியில. வெல்ஷ் பேசத் தெரிஞ்ச நர்ஸுக ஆரஞ்சு கலர்ல ஒரு பேட்ஜ் குத்திக்குவாக, நோயாளி பாத்ததும் தெரிஞ்சுக்கலாம்.

மறதி நோய் வந்த வயசானவுக வார்டுல நான் இருந்தேன். ஒரு பாட்டியம்மா வாழ்நாள் முழுக்க இங்கிலீஷ்ல வேலை பாத்தவுக, கடைசியில இங்கிலீஷ் போயிருச்சு, சின்ன வயசு வெல்ஷ் மட்டும் நின்னுச்சு. "தூர், தூர்"னு கேட்டுக்கிட்டே இருந்தாக. தூர்னா நமக்கு கெணத்துல வார்றது. எனக்கு ஒண்ணும் வெளங்கல, போர்வைய சரி பண்ணுனேன், தலகாணிய மாத்துனேன். அப்பறம் அந்த பேட்ஜ் போட்ட ஒரு அக்கா வந்து, தண்ணி கேக்குறாகன்னு சொன்னாக. பக்கத்து டேபிள்லயே தண்ணி இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரி எங்க அம்மாவுக்கு போன் போட்டேன், எனக்கு வயசாயி இந்த ஊர்ல படுத்துக்கிட்டு தண்ணின்னு கேட்டா யாருக்குப் புரியும்னு நெனப்பு வந்துருச்சு. இப்ப என் மகனுக்கு 4 வயசு, வீட்ல நான் தமிழத் தவிர எதுவும் பேசுறதில்ல. நர்சரியில இங்கிலீஷும் வெல்ஷும் சேத்து மூணு மொழி. நல்லாத்தான் இருக்கான்.


ராமேஸ்வரம்_கைடு
திங்கள், சாயந்தரம் 6:00

தண்ணின்னதும் எனக்கு எழுதத் தோணுது. 22 தீர்த்தத்துல ஆள கூட்டிட்டுப் போறது என் வேலை. வடக்க இருந்து வர்றவுகளுக்கு பானி, மராட்டிக்காரவுகளுக்கு பாணி, வங்காளத்துக்காரவுகளுக்கு ஜொல், தெலுங்குக்காரவுகளுக்கு நீள்ளு, கன்னடத்துக்கு நீரு, மலையாளத்துக்கு வெள்ளம். தலைய குனிங்கன்னு ஏழு மொழியில சொல்லுவேன். எட்டாப்புக்கு மேல படிக்கல நான். கோயில் குருக்கள்மாருக பூர்வீகம் மகாராஷ்டிரம், வீட்ல மராட்டி, வெளிய நம்மள விட நல்ல தமிழ்.

இத்தன மொழி பேசுற எங்களப் பாத்து யாரும் ஆகா ஓகோன்னதில்ல. கைடு, ஆட்டோக்காரன், கடைக்காரன், இதெல்லாம் வயித்துப்பாட்டுக்குக் கத்துக்கிட்டதுன்னு விட்டுருவாக. கோட்டு போட்டவன் ஒரு பிரெஞ்சு பேசுனா அறிவாளிம்பாக.


சாயல்குடி_டல்லாஸ்
திங்கள், ராத்திரி 11:50

கைடு அண்ணன் சொன்னது இந்த ஊருக்கும் அப்புடியே பொருந்தும். நான் டெக்சாஸ்ல இருக்கேன். எங்க ஏரியா ஸ்கூல்ல பாதிப் பாடம் ஸ்பானிஷ்ல நடக்குற வகுப்பு இருக்கு, வீட்ல இங்கிலீஷ் மட்டும் பேசுற வசதியான குடும்பங்க அதுல சேக்க வரிசையில நிக்கிறாக, புள்ளைக்கு மூளை நல்லா வளரும்னு. மெக்சிகோவுலேர்ந்து வந்த கூலிக்காரர் புள்ள அதே ஸ்பானிஷ வீட்லேர்ந்து கொண்டு வந்தா அத குறையா பாக்குறாக. மொழி ஒண்ணுதான், பேசுற வாய் யாருதுன்றதப் பொறுத்து மதிப்பு மாறுது.

மாமாவுக்கு சில விஷயம் சொல்றேன், தங்கச்சிட்ட சொல்லுங்க. 2025 மார்ச் 1ஆம் தேதி ஜனாதிபதி உத்தரவு போட்டு இங்கிலீஷ அதிகாரப்பூர்வ மொழின்னு அறிவிச்சாக. அது அரசு அலுவலகங்க பத்துனது. கடையில நின்னு அம்மாட்ட தமிழ் பேசுறத அது தடுக்கல. அது உரிமை. இந்த நாட்ல அஞ்சுல ஒருத்தருக்கு மேல வீட்ல இங்கிலீஷ் இல்லாத வேற மொழிதான் பேசுறாக.

இதுக்காக நூறு வருசத்துக்கு முன்னாடியே கோர்ட்டுல சண்டை நடந்திருக்கு. முதல் உலகப்போர் சமயத்துல ஜெர்மன் மேல வெறுப்பு. அதுக்கு முன்னாடி ஒஹையோ மாதிரி மாநிலத்துல 1839லேர்ந்தே அரசுப் பள்ளியில ஜெர்மன்ல பாடம் நடந்துச்சு, போர் வந்ததும் எல்லாம் போச்சு. நெப்ராஸ்கா மாநிலத்துல 1919ல சட்டமே போட்டாக, எட்டாம் வகுப்பு முடிக்காத புள்ளைக்கு இங்கிலீஷத் தவிர வேற மொழி சொல்லிக் குடுக்கக் கூடாதுன்னு. ராபர்ட் மேயர்னு ஒரு வாத்தியார் பத்து வயசுப் பையனுக்கு ஜெர்மன் படிக்கச் சொல்லிக் குடுத்தாருன்னு 25 டாலர் அபராதம். அவரு கட்டிட்டுப் போகல. உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயி 1923ல ஜெயிச்சாரு. ராத்தா, உங்க ஊரு பத்து ரூவா ஃபைன படிச்சப்ப எனக்கு அந்த 25 டாலர்தான் ஞாபகம் வந்துச்சு.

கலிஃபோர்னியாவுல 1998ல ஓட்டுப் போட்டு ரெண்டு மொழிக் கல்விய கிட்டத்தட்ட நிறுத்துனாக, 2016ல அதே மக்கள் ஓட்டுப் போட்டு திரும்பக் கொண்டு வந்தாக. காத்து ஒரு பக்கமே அடிக்காது.

இன்னொண்ணு. இங்க வெளியுறவுத் துறையில தூதரக அதிகாரிகளுக்கு மொழி கத்துக் குடுக்குற நிறுவனம் இருக்கு, தமிழுக்கு அவுக வச்சிருக்குற கணக்கு 44 வாரம், முழுநேர வகுப்பு, சம்பளத்தோட. அதே அரசாங்கம் காசு குடுத்துக் கத்துக்கிற மொழிய நாம வீட்ல சும்மா கெடைக்கிறப்ப நிறுத்திட்டோம்.


தொண்டி_கப்பல்காரன்
செவ்வாய், காலை 8:10

எல்லாம் படிச்சேன். நர்ஸ் அக்கா எழுதுனது மனச அறுத்துருச்சு. ஆனா என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லல. ரெண்டும் வேணும்னு சொல்றீக, சரி. டல்லாஸ்லயும் கார்டிஃப்லயும் வாசல தாண்டுனா இங்கிலீஷ் தானா கெடைக்குது, அதனால வீட்ல தமிழ் போதும்னு தைரியமா சொல்லலாம். தொண்டியில வாசல தாண்டுனா இங்கிலீஷ் எங்க இருக்கு? எங்க புள்ளைக்கு அத யாரு குடுப்பா? ஃபைன் போடுற ஸ்கூல்ல ஏன் சேக்குறாகன்னா வேற வழி தெரியாமத்தான். ராத்தா உங்களச் சொல்லல.


உச்சிப்புளி_பொண்ணு
செவ்வாய், காலை 10:45

அண்ணே, இது ஞாயமான கேள்வி. நீங்க சொன்னதுலயே ஒரு பதிலும் இருக்கு. வெளிய எது கெடைக்கலயோ அத ஏற்பாடு பண்ணிக் குடுக்கணும். அங்க தமிழ் கெடைக்காது, அத வீடு குடுக்கணும். இங்க இங்கிலீஷ் கெடைக்காது, அத பள்ளிக்கூடம் நல்லா சொல்லிக் குடுக்கணும். சொல்லிக் குடுக்குறது வேற, இன்னொன்ன அடிச்சு நிறுத்துறது வேற. ஃபைன் போட்டா புள்ள இங்கிலீஷ் பேசாது, வாய மூடிக்கும். என்ட்ட வர்ற புள்ளைகள்ல சில பேருக்கு பேச்சுல கோளாறே இருக்காது, தப்பாயிருமோன்னு பயம் மட்டும் இருக்கும்.

நீங்க இன்டர்வியூல திணறுனதுக்கு தமிழ் காரணம் இல்ல. இங்கிலீஷ ஒரு பாடமா மனப்பாடம் பண்ண வச்சு, வாயத் தொறந்து பேச ஒரு நாளும் எடம் குடுக்காததுதான் காரணம். பம்பு எப்புடி வேலை செய்யுதுன்னு உங்களுக்கு உள்ள தெளிவா இருந்துச்சே, அந்தத் தெளிவு தமிழ்ல வந்தது. அது மேல இங்கிலீஷ வைக்கலாம். அடியில ஒண்ணும் இல்லாம எத வைக்கிறது?

நர்ஸ் அக்காவுக்கு ஒரு தகவல். ஹைதராபாத்துல மறதி நோய் வந்த 648 பேர வச்சு ஒரு ஆய்வு 2013ல வந்துச்சு. ஒரு மொழி மட்டும் தெரிஞ்சவுகள விட ரெண்டு மொழி தெரிஞ்சவுகளுக்கு நோய் நாலரை வருசம் தள்ளி வந்திருக்கு, எழுதப் படிக்கத் தெரியாதவுகள்லயும் அப்புடித்தான். எல்லா ஆய்வுலயும் இதே முடிவு வரல, அதனால மருந்து மாதிரி நம்ப வேணாம். ஆனா ரெண்டு மொழி மூளைய கெடுக்கும்னு சொல்ல ஒரு ஆதாரமும் இல்ல.


நடத்துனர்
செவ்வாய், மதியம் 12:00

மும்மொழிக் கொள்கை, கட்சி சண்டை பத்தி வந்த எட்டு பதிவ நீக்கிட்டேன். அதுக்குத் தனி இழை ஓடுது, அங்க போங்க. இங்க புள்ளைக பேச்சு பத்தி மட்டும்.


பரமக்குடி_தறி
செவ்வாய், ராத்திரி 9:30

நான் சொல்றது சில பேருக்குக் கசக்கும், ஆனாலும் சொல்றேன். எங்களுக்கு வீட்டு மொழி சௌராஷ்ட்ரா. எங்க தாத்தா காலத்துல தறிப்பள்ளத்துல ஒக்காந்து பேசுறது எல்லாம் அதுலதான், நூலு, பாவு, கணக்கு, சண்டை, பாட்டு எல்லாம். அதுக்குன்னு தனி எழுத்து இருக்கு, எங்க தெருவுல அத படிக்கத் தெரிஞ்சவுகள தேடணும். எங்களுக்கும் தண்ணி பானிதான். என் பொண்ணுக்கு அந்த வார்த்தை தெரியும், அத வச்சு ஒரு வாக்கியம் சொல்லத் தெரியாது.

நான் ஸ்கூல் படிக்கிறப்ப வீட்லேர்ந்து அம்மா சாப்பாடு கொண்டு வருவாக, கேட்டுக்கு வெளிய நின்னு எங்க மொழியில கூப்புடுவாக. பசங்க அதே மாதிரி சொல்லிக் காட்டி சிரிப்பானுக. நான் அம்மாவ இனிமே வராதன்னு சொல்லிட்டேன். பத்து வயசு எனக்கு. அம்மா ஏன்னு கேக்கல, மறுநாள்லேர்ந்து டிபன் பாக்ஸ்ல குடுத்து விட்டாக.

சிரிச்சவன் இங்கிலீஷ்காரன் இல்ல, தமிழ்ப் பசங்க. தமிழ் எனக்கும் உயிருதான், நான் படிச்சது, எழுதுறது எல்லாம் தமிழ். ஆனா அமெரிக்காவுல இங்கிலீஷுக்கு முன்னாடி தமிழ் எப்புடி நிக்கிதோ அப்புடித்தான் இங்க தமிழுக்கு முன்னாடி எங்க மொழி நிக்கிது. ராமேஸ்வரத்துல ஹோட்டல் வேலை பாக்குற பீகார், ஒடிசா பையன் அம்மாட்ட போன்ல பேசிக்கிட்டு இருந்தப்ப ஒரு கஸ்டமர், டேய் தமிழ்நாட்ல இருந்தா தமிழ்ல பேசுடான்னு அதட்டுனத என் கண்ணால பாத்தேன். மாமா, உங்க தங்கச்சிக்கு அந்தக் கடையில நடந்தது அதேதான். அந்தப் பையனும் போன வச்சுட்டான்.


ராமேஸ்வரம்_கைடு
செவ்வாய், ராத்திரி 10:10

தறி அண்ணே, நானும் அப்புடி அதட்டிருக்கேன். இனிமே பண்ண மாட்டேன்.


தேவிபட்டினம்_மாமா
புதன், ராத்திரி 11:00

ரெண்டு நாளா எல்லாத்தையும் திரும்பத் திரும்ப படிச்சேன். தறி அண்ணன் பதிவுக்கு அப்பறம் ஒண்ணு சொல்லாம இருக்க முடியல. மொதல் நாளே எழுதிருக்கணும்.

தங்கச்சி மக வந்த மொத வாரம் தமிழ்ல பேசப் பாத்துச்சு. என் மகன், அண்ணன் புள்ளைக எல்லாம் கடற்கரைக்குக் கிளம்புனப்ப அதுவும் செருப்ப மாட்டிக்கிட்டு "நானும் போறான்"னு சொல்லுச்சு. எல்லாரும் சிரிச்சோம். பசங்க மட்டும் இல்ல, நானும் சிரிச்சேன், அம்மாவும் சிரிச்சுச்சு, பாசத்துலதான் சிரிச்சோம். அன்னைக்கு முழுக்க பசங்க "நானும் போறான் நானும் போறான்"னு அதையே சொல்லி விளையாண்டானுக. அதுக்கப்பறம் கிளம்புற வரைக்கும் அது ஒரு தமிழ் வார்த்தை முழுசா சொல்லல. நான் டீச்சரச் சொன்னேன், கடையில நின்ன அம்மாவச் சொன்னேன். எங்க வீட்டு வாசல்ல நடந்தத சொல்லல.

இன்னைக்கு அம்மாட்ட இத சொன்னேன். அம்மா ரொம்ப நேரம் பேசல. அப்பறம், வீடியோ கால் போட்டுக் குடு, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன், நான் பாட்டுக்கு வேலையப் பாக்குறேன், அது பாத்துக்கிட்டு இருக்கட்டும்னுச்சு.


கார்டிஃப்_நர்ஸ்
வியாழன், காலை 6:30

அம்மா சொன்னதுதான் சரி. "தமிழ்ல சொல்லு பாப்போம்"னு பரீட்சை வைக்காதீக. என் மகன் தமிழ்ல தப்பா சொன்னா நான் திருத்துறதில்ல, அதையே சரியா திருப்பிச் சொல்லிட்டு மேல பேசுவேன். நானும் போறான்னு சொன்னா, ஆமா நீயும் போற, செருப்ப மாட்டிக்கன்னு சொன்னாப் போதும்.


சாயல்குடி_டல்லாஸ்
வியாழன், காலை 9:15

எங்க வீட்ல ஞாயித்துக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கு நாலு வருசம் அனுப்புனோம், எழுத்தெல்லாம் அழகா எழுதுவான், பேச மாட்டான். எங்க அய்யாட்ட தினம் பத்து நிமிசம் கருவாட்டுக் கதை கேட்க ஆரம்பிச்சப்பதான் பேச்சு வந்துச்சு. பேசுறதுக்கு ஒரு ஆளு வேணும், ஒரு காரணம் வேணும்.


கீழக்கரை_ராத்தா
வியாழன், மதியம் 3:40

எங்க ஸ்கூல் பெற்றோர் கூட்டத்துல இந்த சனிக்கிழமை ஃபைன் விஷயத்த பேசப் போறேன். இன்னும் நாலு உம்மாமாரு வர்றேன்னாக. அந்த மரத்துண்டு கதைய அங்க சொல்லப் போறேன்.


தொண்டி_கப்பல்காரன்
வியாழன், ராத்திரி 8:00

ராத்தா, போயிட்டு வந்து என்ன சொன்னாகன்னு எழுதுங்க. ஃபைன எடுத்துட்டா போதாது, பேச்சு இங்கிலீஷுக்கு தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொல்லிக் கேளுங்க, தப்பா பேசுனா யாரும் சிரிக்கக் கூடாதுன்னு ஒரு விதி வைக்கச் சொல்லுங்க. எனக்கு அது கெடைச்சிருந்தா வேற மாதிரி ஆயிருக்கும்.


தேவிபட்டினம்_மாமா
அஞ்சு வாரம் கழிச்சு, ஞாயிறு, காலை 7:50

இழைய திரும்ப மேல கொண்டு வர்றதுக்கு மன்னிச்சுக்கங்க. நேத்து ராத்திரி அம்மா போனுக்கு ஒரு வீடியோ வந்துச்சு. தங்கச்சி புள்ளைய மீன் கடைக்குக் கூட்டிட்டுப் போயிருக்கு, பால்டிமோர்ல நண்டு ரொம்பப் பிரபலமாமே, அந்த சீசனாம். ஒரு கூடை நிறைய உயிர் நண்டு. புள்ள இடுக்கியால ஒண்ண தூக்கி மல்லாத்திக் காட்டுது. வேற இன நண்டுதான், ஆனா அடிவயித்து மூடி அதே மாதிரி, குறுகலா நீட்டமா. "அம்மாச்சி, இது ஆம்பள. இங்க பேரு ஜிம்மி." அடுத்தத எடுக்குது, அகலமா வளைஞ்ச மூடி, கொடுக்கு நுனியெல்லாம் நகத்துக்கு சாயம் பூசுன மாதிரி சிவப்பா இருக்கு. "இது பொட்ட. பேரு சூக். சினை இல்ல." நடுவுல கடைக்காரரு என்னமோ கேட்டாரு போல, அவர்ட்ட இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை சொல்லிட்டு திரும்பவும் கேமராவப் பாத்து தமிழ்ல பேசுது. பக்கத்துல நாலஞ்சு பேரு நிக்கிறாக. தங்கச்சி குரலும் கேக்குது, மெதுவா இல்ல, நம்ம கடற்கரையில கூப்புடுற மாதிரி, "அம்மா கேக்குதா, கேக்குதா"ன்னு.

அம்மா இன்னைக்கு காலையில நண்டு கழுவ ஒக்காந்துச்சு. ஒண்ணொண்ணா மல்லாத்திப் போட்டு, ஜிம்மி, ஜிம்மி, சூக்குன்னு சொல்லிக்கிட்டு இருக்கு.